பனையும் பனை உழவாரனும்

பனை விதை ஊன்றுவது இன்று தமிழ்நாட்டில் ஒரு தேசத் தொண்டாகவே மதிக்கப்படுகிறது. இது கண்டு நாம் சந்தோஷமடைகிறோம். ஆயினும் ஊன்றிய விதை பலன் கொடுக்கப் பத்துப் பதினைந்து வருஷங்கள் செல்லும். அதுகாறும், நிற்கின்ற மரங்களையே நம்பி வாழும் ஜீவன்கள் உண்டென்பதை நம்மவர் நினைப்பதில்லை.

அவற்றுள் ஒன்று பனை உழவாரன். ஐந்தங்குல நீளமுள்ள இச்சிறு பட்சியை அநேகர் தகைவிலான் என்றே கருதுகிறார்கள். தகைவிலான் தந்திக் கம்பியில் வரிசையாக உட்காரும்; உழவாரனுக்கு அது முடியாது. அதன் கால்கள் மிகக் குறுகியவை, நகங்கள் கூரியவை. பற்றித் தொங்கலாமேயன்றிக் கிளையில் அமர இயலாது. பகலெல்லாம் பறந்தபடியே பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். பஞ்சையும் இறகையும் தன் உமிழ்நீரால் பனையோலையின் அடிப்புறத்தில் ஒட்டி, சிறு கிண்ணம் போன்ற கூடு அமைத்து, இரண்டு மூன்று முட்டையிடும். இரவில் அது உறங்குவதும் ஓலையைப் பற்றிக்கொண்டுதான். அதன் பங்காளியாகிய நாட்டு உழவாரனுக்குக் கோயில் கோபுரமும் பழைய மண்டபமும் உண்டு. இதற்கோ பெரும்பாலும் பனையே கதி.

அந்தப் பனைகளைச் செங்கற் சூளைக்கு விறகாக வெட்டித் தள்ளினோம்! 1978-இல் அதை மாநில மரமாக்கியும் கோடரி ஓயவில்லை. 2021 ஆகஸ்டு 14-இல் சமர்ப்பித்த வேளாண் வரவுசெலவுத் திட்டத்தில், 76 லட்சம் பனை விதைகளை விநியோகிப்பதாகவும், பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி கட்டாயமென்றும் சர்க்கார் அறிவித்தார்கள். இவ்விரண்டில் பின்னதே பெரிதென்பது நமது அபிப்பிராயம். ஆனால் விதை ஊன்றக் கூடும் கூட்டம் மரம் வெட்டுவதைத் தடுக்கக் கூடுவதில்லை. விதைக்குப் புகைப்படம் உண்டு, அதற்கு இல்லை போலும்.

காவோலை கழிப்பது பனைத் தொழிலாளியின் ஜீவனம். அதை நிறுத்தும்படி நாம் சொல்லவில்லை. கூடுள்ள ஓலையை மட்டும் குஞ்சு பறக்கும்வரை விட்டுவைத்தால் போதும். எந்த மரத்தில் கூடு உண்டென்பதை மரமேறும் தொழிலாளியே நன்கறிவார். ஊர்த் தொண்டர்கள் அவரிடம் கேட்டறிந்து, அந்தி நேரத்தில் பட்சிகள் வந்தடையும் மரங்களைக் குறித்துவைக்கவேண்டும். அக்குறிப்பைக் கலெக்டரிடம் சேர்ப்பிக்கட்டும். வெட்ட அனுமதி கோரும் ஒவ்வொரு மனுவின்மீதும் உத்தரவிடுமுன், அதிகாரிகள் மரத்தின் வயதையும் விலையையும் மாத்திரம் பாராமல் அண்ணாந்து ஓலையையும் பார்க்கவேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.