பழையதை அழியாது எழுதுக

ஆறுமுகநேரி உப்பளக் கணக்கரும் இன்று கணக்கைக் கணிப்பொறி வட்டிலேயே வைக்கின்றார். பழைய வரியின்மேற் புதியது எழுதுங்கால் மின்சாரம் நின்றால் இரண்டும் கெடும்.

ஆதலின், 2005-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட இசட்.எப்.எஸ்., 2009-இல் லினக்ஸிற் சேர்ந்த பி.டி.ஆர்.எப்.எஸ். ஆகிய கோப்பு முறைகள் புதியதை வேறிடத்தில் எழுதி முடித்த பின்னரே பழையதை விடுகின்றன. சரிபார்ப்பு எண்ணாற் பிழையும் காண்கின்றன. வட்டுக்களைக் கூட்டவும் குறைக்கவும் பின்னது எளிது. எனினும் ரெய்டு 5, 6 என்னும் பல்வட்டுக் கோவைகளில் அதனை நம்பற்க என அதன் கையேடே எச்சரிக்கின்றது. அங்கு முன்னதே சிறந்ததென்பது எமது துணிபு.

ஆயினும் நண்பர்காள், 2023 டிசம்பரில் அண்டையிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளிற் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்ததை நினைமின்! நீரில் மூழ்கிய வட்டை எம்முறையும் மீட்காது. வேற்றூரில் ஒரு பிரதி வைத்தலே அறிவுடைமை.