பாட்டுக்குள் இருந்த ஊர்

புளூஸ் என்றதும் அழுகைப் பாட்டு என்று ஒதுக்கிவிடும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது மிசிசிப்பி ஜான் ஹர்ட்டின் இசைத்தொகுப்பைத்தான். மனிதர் குரலை உயர்த்தவே மாட்டார். கட்டைவிரல் தாளம் பிடிக்க, மற்ற விரல்கள் கித்தாரில் மெட்டை வாசிக்க, அருகில் அமர்ந்து பேசுவதுபோல் பாடுவார்.

ஹர்ட் வயலில் உழைத்த கறுப்பினத்தவர். 1928-இல் ஓக்கே நிறுவனத்திற்காக அவர் பாடிய இசைத்தட்டுகள் அதிகம் விற்கவில்லை. பொருளாதார மந்தமும் சேர்ந்துகொள்ள, வயலுக்கே திரும்பினார். 1952-இல் ஹாரி ஸ்மித் தொகுத்து வெளியிட்ட 84 பழம்பாடல்களில் ஹர்ட்டின் இரண்டும் இருந்தன. பாடியவர் எங்கே என்று கேட்டவர்களுக்குத்தான் பதில் இல்லை. 1963-இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்னும் இரசிகர், ஹர்ட்டின் பாட்டொன்றில் வரும் ‘அவலான்’ என்ற ஊர்ப்பெயரைப் பிடித்துக்கொண்டு மிசிசிப்பிக்கே போய்விட்டார். எழுபதை ஒட்டிய வயதில் ஹர்ட் அங்கேதான் இருந்தார்! அதே ஆண்டு நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாடினார். 1966-இல் மறைந்தார்.

என்னைக் கேட்டால், இரசனை என்பது இதுதான். இன்று கைப்பேசி அடுத்த பாட்டைத் தானே ஊட்டுகிறது. பாடியவர் பெயரைக் கேட்டால் விழிக்கிறோம். ஒரு தொகுப்பையாவது முதலிலிருந்து கடைசிவரை கேளுங்கள். யார் பாடியது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று தேடுங்கள்.

நான் இப்போது எலிசபெத் காட்டனிடம் வந்திருக்கிறேன். இடக்கைக்காரர், கித்தாரைத் தலைகீழாகப் பிடித்தே வாசித்தவர். 1958-இல் முதல் தொகுப்பு வந்தபோது அவருக்கு வயது 65.