கத்தி இல்லாத கத்தி!

சட்டைப் பையில் ஒரு சின்ன மடக்குக் கத்தி. பென்சில் சீவலாம். மாம்பழம் நறுக்கலாம். பார்சல் கயிற்றை அறுக்கலாம். இதில் என்ன வம்பு?

வம்பு இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் உள்ள விக்டரிநாக்ஸ் கம்பெனி, உலகத்துக்கே மடக்குக் கத்தி செய்து விற்கும் கம்பெனி. அலகே இல்லாத "கத்தி" ஒன்றைச் செய்யப் பார்ப்பதாக அதன் தலைவர் கார்ல் எல்சனர் 2024-ஆம் ஆண்டு மே மாதம் சொன்னார். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு வேண்டிய கருவிகள் அதில் இருக்கும். வெட்டுகிற அலகு மட்டும் இராது! சில நாடுகளில் அலகைக் கண்டாலே ஆயுதம் என்று நினைக்கிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். அலகுள்ள பழைய கத்திகளும் தொடர்ந்து வரும் என்று கம்பெனி பிறகு விளக்கியது.

துப்பாக்கிக்காகப் பிறந்த கத்தி

இந்தக் கத்தி பிறந்த கதை வேடிக்கையானது. 1889-ல் சுவிஸ் சிப்பாய்களுக்குப் புதுத் துப்பாக்கி கொடுத்தார்கள். அதைக் கழற்றத் திருப்புளி வேண்டும். சாப்பாட்டுத் தகர டப்பாவைத் திறக்கவும் ஒரு கருவி வேண்டும். இரண்டையும் ஓர் அலகோடும் குத்தூசியோடும் ஒரே கைப்பிடிக்குள் மடக்கி வைத்தார்கள். ஆளைக் குத்துவதற்காகச் செய்த கத்தி அல்ல இது.

முதல் கத்திகளைச் செய்து கொடுத்தது ஜெர்மனியில் உள்ள சோலிங்கன் நகரம். 1891-ல் அந்த வேலையைத் தம் நாட்டுக்குக் கொண்டுவந்தவர், இன்றைய தலைவரின் கொள்ளுத் தாத்தா.

அதே சோலிங்கனில் 2024 ஆகஸ்டு 23-ந் தேதி, நகரத்தின் 650-வது ஆண்டு விழா நடந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் ஒருவன் கத்தியால் குத்தியதில் 3 பேர் இறந்தார்கள். அதன் பிறகு ஜெர்மனி, திருவிழாக் கூட்டங்களுக்குக் கத்தி கொண்டு போவதைத் தடுத்துச் சட்டம் போட்டது. கத்திக்குப் பேர் போன ஊரிலிருந்தே கத்திக்குத் தடை பிறந்தது!

பூட்டு இருந்தால் குற்றம்

பிரிட்டன் இன்னும் கண்டிப்பான நாடு. இங்கிலாந்தில் 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேல் போகாத மடக்குக் கத்தியை யாரும் வைத்துக்கொள்ளலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் விரித்த அலகு மடங்காமல் நிற்கும்படி பூட்டு இருந்தால், நீளம் 2 அங்குலமே ஆனாலும் இந்தச் சலுகை கிடையாது. அது மடக்குக் கத்தியே அல்ல என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பூட்டு எதற்காக வந்தது? விரலைக் காப்பாற்றத்தான். சாதாரண மடக்குக் கத்தியில் ஒரு வில்தான் அலகைப் பிடித்திருக்கிறது. அழுத்திக் குத்தினால் அலகு திடீரென்று மடங்கி விரலைப் பதம் பார்க்கும். பூட்டுள்ள கத்தியில் அந்தப் பயம் குறைவு. ஆக, வேலைக்காரனுக்கு நல்ல கத்தி, போலீஸ்காரர் கண்ணுக்குக் கெட்ட கத்தி! குத்தும்போது கை நழுவாத கத்தி சண்டைக்காரனுக்கும் உதவும் அல்லவா? சட்டத்தின் பயம் அதுதான்.

தண்டனையும் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. முதலில் வெறும் அபராதம். 1996-ல் 2 வருஷம் வரை சிறை. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 4 வருஷம் வரை. தொழிலுக்காக வைத்திருந்தேன் என்றால், அதை நிரூபிக்க வேண்டியது பிடிபட்டவர் பொறுப்பு. "பையில் இருந்ததை மறந்துவிட்டேன்" என்றால் மட்டும் போதாது. மேற்படிப்புக்காக லண்டனுக்குப் பிள்ளையை அனுப்பும் தாய் தகப்பன்மார் அவன் பெட்டியை ஒரு முறை பார்ப்பது நல்லது.

இத்தனை கண்டிப்பால் கொலை நின்றுவிட்டதா? இல்லை. அங்கே குத்திக் கொல்லும் குற்றங்களில் அதிகமாக அகப்படுவது வீட்டுச் சமையலறைக் கத்தி. 2024 ஜூலை 29-ந் தேதி சவுத்போர்ட் ஊரில் 3 சிறுமிகளைக் கொன்ற 17 வயதுப் பையன் வைத்திருந்ததும் அதுதான். இணையக் கடையில் வாங்கியிருந்தான். 18 வயது ஆகாதவருக்குக் கத்தி விற்கக் கூடாது என்று சட்டம் அப்போதே இருந்தது! வாங்குகிறவரின் வயதைச் சோதிக்கும் விதிகளை மேலும் இறுக்க அரசாங்கம் முனைந்தது அதற்குப் பிறகுதான். பையில் இருப்பதைத் தேடியவர்கள், கடையில் விற்பதைக் கவனிக்கத் தவறினார்கள்.

எதை வாங்குவது?

அன்றாட வேலைக்கு இரண்டரை அங்குல அலகு தாராளம். துருப்பிடிக்காத எஃகு, பூட்டு இல்லாத மடக்கு, இரண்டு கையாலும் பிடித்துத் திறக்கும் வகை. ஒரு விரலால் தட்டினால் சட்டென்று விரியும் கத்தி பார்க்க ஜோராக இருக்கும். வெளிநாட்டில் முதலில் மாட்டிக்கொள்வதும் அதுதான். ஜப்பானிலும் கட்டுப்பாடு உண்டு. பொதுவாக, தக்க காரணம் இல்லாமல் 6 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அலகோடு நடமாடக் கூடாது.

இந்தியாவில் ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத்தான் ஆயுதமாகக் கணக்கிடுகின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் ஆன கத்திகளுக்கு விலக்கு உண்டு. சில இடங்களில் தனி உத்தரவுகளும் இருக்கின்றன.

விமானத்தில் மட்டும் பேச்சே இல்லை. 2001-ல் அமெரிக்காவில் நடந்த விமானத் தாக்குதல்களுக்குப் பிறகு, விமான நிலையக் கடைகளில் சுவிஸ் கத்தி விற்பனை படுத்துவிட்டது. 2013-ல் அமெரிக்க அதிகாரிகள் 6 சென்டிமீட்டர் வரை அனுமதிக்கலாம் என்று அறிவித்தார்கள். விமானப் பணிப்பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். 3 மாதத்தில் உத்தரவு வாபஸ் ஆயிற்று. சென்னையில் விமானம் ஏறுகிறவர், கத்தியை விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் வைத்துவிட வேண்டும். கைப்பையில் இருந்தால் சோதனைச் சாவடியிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.