இரண்டு நாட்கள் போதும்

கோடை விடுமுறை பிறந்ததும், "எங்கே போகலாம்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கையிருப்பை எண்ணி மௌனம் சாதிக்கும் பெற்றோரே! ஊட்டியும் கொடைக்கானலும் எட்டவில்லையெனில் வருந்தாதீர்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தாருக்குக் கடல் தொலைவிலில்லை.

மானாமதுரை சென்றால் இராமேசுவரத்திற்கு இரயில் உண்டு. 1914ஆம் ஆண்டின் பாம்பன் பாலத்திற்குப் பதிலாக, 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் மீது அது செல்கிறது. வறண்ட கண்மாய்களையே கண்டு வளர்ந்த பிள்ளைகள், இருபுறமும் விரியும் நீர்ப்பரப்பை மறக்கமாட்டார்கள்.

முதல் நாள், பள்ளிவாசல் தெருவில் அப்துல் கலாம் அவர்களின் இல்லத்தையும், பேக்கரும்பில் 2017இல் திறக்கப்பட்ட அவரது நினைவிடத்தையும் காட்டுங்கள்.

மறுநாள் அதிகாலை தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் ஊரே அழிந்தது. பயணிகளோடு ஓர் இரயிலையும் கடல் கொண்டது. அங்கு நிழல் அரிது. குடிநீருடன் சென்று, வெயில் ஏறுமுன் திரும்புங்கள். அரிச்சல்முனையில் எவரையும் கடலில் இறங்க விடாதீர்கள். கிணற்றில் நீந்தப் பழகியவருக்கும் அந்த நீரோட்டம் அடங்காது.

இறுதியாக, குடும்பத் தலைவர்களுக்கு ஒன்று. அடுப்பையும் பாத்திரங்களையும் உடன் சுமந்தால், இல்லத்தரசிக்கு அது பயணமன்று. இடம் மாறிய சமையலறையே. முதல் வேளைக்குப் புளிச்சோறு போதும்; மற்றவற்றைக் கடையில் வாங்குங்கள். பயணிக்குத் தொழுகையிலேயே சுருக்கம் அளித்தது நம் மார்க்கம். அவருடைய வேலையில் இரண்டு நாட்கள் சுருக்கம் அளிக்க நமக்கு மனமில்லையா?