சொகுசுக் கார் ஓட்டிப் பார்த்தேன், மனசு நிறையலைங்க

விலை கூடக்கூட வண்டியும் நல்லா இருக்கும்னு எல்லாரும் நம்பறோம். எனக்கு அந்த நம்பிக்கை இப்போ ஆட்டம் கண்டிருக்குதுங்க.

கோயமுத்தூர்ல வேலை பார்க்கற அக்கா மகன் புதுசா ஒரு கார் வாங்கியிருக்கார். பெட்ரோல், ஆட்டோமேட்டிக், பின்னாடி டிக்கி நீட்டின செடான். விலை அரைக் கோடிக்கு மேல. கம்பெனி பேர் வேண்டாம். "நீங்களே ஓட்டுங்க மாமா"ன்னு சாவியைக் கையில குடுத்துட்டார். சத்தியமங்கலத்துல இருந்து பண்ணாரி வழியா திம்பம் போயிட்டு வந்தோம்.

நல்லதை முதல்ல சொல்லிடறேன். உள்ளே உட்கார்ந்தா வெளிச்சத்தம் கேட்கறதில்லை. சீட்டு இடுப்பைத் தாங்குது. பிரேக் மிதிச்ச இடத்துல நிக்குது. இதுல குறை சொல்ல ஒண்ணும் இல்லை.

ஆனா லாரியைத் தாண்டலாம்னு மிதிச்சா ஒரு நொடி யோசிக்குது, அப்புறம் குபீர்னு பாயுது. மலைப்பாதையில அந்த ஒரு நொடிதான் முக்கியம். இறங்கும்போது 'டி'யிலேயே விட்டா எஞ்சின் இழுத்துப் பிடிக்கறதில்லை, வேகம் ஏறிட்டே போகுது. ஸ்டீரிங்குக்குப் பின்னாடி இருக்கற பட்டையைத் தட்டி நாமளே கியரைக் குறைக்கணும். 27 கொண்டை ஊசி வளைவுலயும் இதையே செய்யணும்னா ஆட்டோமேட்டிக் எதுக்குங்க?

ஏ.சி.யைக் குறைக்கக்கூட திரையைப் பார்த்துத் தடவணும். ஒரு திருகு இருந்தா கை தானாப் போகும், கண்ணு ரோட்டுல இருக்கும்.

எங்க தோட்டத்துக்கு இட்டேரியில போகணும். ரெண்டு பக்கமும் வேலி இருக்கற வண்டித்தடம் அது. காருக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி இல்லை. தடத்தோட நடுமேடு வயித்துல உரசுது. டயரோ பட்டை டயர். குழி ஒவ்வொண்ணும் முதுகுல தெரியுது. டிக்கியைத் தொறந்தா ஸ்டெப்னி இல்லை. காத்துப் போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள்ள 80 கிலோமீட்டர் தூரம் ஓடுமாம். சரி, அதுக்கப்புறம்? தாளவாடிப் பக்கம் அந்த டயரை எந்தக் கடையில தேடறது?

எல்லாத்தையும் விட மனசு கஷ்டப்பட்டது எங்கம்மாவைப் பார்த்துத்தான். எண்பது தாண்டியாச்சு, முட்டிவலி. பேரன் கார்ல கோயிலுக்குப் போகணும்னு புதுச்சேலை கட்டிட்டு வந்தாங்க. சீட்டு அத்தனை தாழ்வு, சரிவான கூரை தலையில முட்டுது. உட்கார வைக்க ஒருத்தர், எந்திரிக்க வைக்க ரெண்டு பேர். "நான் வூட்டுலயே இருந்துக்கறேன் சாமி"ன்னுட்டாங்க. 2014-ல தயாரிப்பு நின்னுபோன அம்பாசிடர்ல வேட்டி மடிப்புக் கலையாம ஏறி இறங்கினவங்க நாம. அதை யாரும் சொகுசுக் கார்னு சொன்னதில்லை. ஆனா குடும்பமே அதுல போச்சு.

மாப்பிள்ளை உழைச்சு வாங்கினது, நல்லா இருக்கட்டும். ஆனா ஓட்டறவர் ஒருத்தருக்கு, அதுவும் வழவழன்னு ரோடு இருந்தா மட்டும் கிடைக்கற சுகத்தை சொகுசுன்னு ஒத்துக்க எனக்கு மனசு வரலை. ரோடு எப்படி இருந்தாலும், வீட்டுல யார் ஏறினாலும் அலுங்காம கொண்டுபோய்ச் சேர்க்கணும். அதுக்குத்தானே இத்தனை காசு?

கார் வாங்கப்போற டவுன் தம்பிகளுக்கு ஒண்ணு சொல்றேன். ஷோரூம்காரங்க காட்டற மெயின்ரோட்டுல மட்டும் ஓட்டிப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. முடிஞ்சா உங்க ஊர்த் தடம் மாதிரி ஒரு தடத்துல ஓட்டுங்க. வீட்டுல வயசானவங்களைப் பின்சீட்டுல ஏத்தி இறக்குங்க. அவங்க முகத்தைப் பார்த்துட்டு அப்புறம் அட்வான்ஸ் குடுங்க.