கிரீன் கார்டும் மேலாளரின் சாதியும்

அமெரிக்க கிரீன் கார்டு 'திறமைக்குக் கிடைப்பது' என்பார்கள். வழக்கமான வழியில் நமக்காக மனுப் போடுவது நிறுவனம். அங்கே மேலாளரின் சாதி குறுக்கே வராதா? 2020இல் சிஸ்கோ மீது கலிபோர்னியா அரசு தொடுத்த சாதிப் பாகுபாட்டு வழக்கை நினைத்துப் பாருங்கள், தோழர்களே.

பொறியியல் ஆய்வாளர்களுக்கு இன்னொரு கதவு உண்டு: 'தேசிய நலன் விலக்கு'. நிறுவனம் தேவையில்லை, நாமே மனுப் போடலாம். ஆனால் துறையில் பெயர்பெற்றவர்களின் பரிந்துரைக் கடிதங்களை வழக்கறிஞர்கள் கேட்பார்கள். அப்பா, தாத்தா காலத்துத் தொடர்புகள் உள்ளவருக்கு அது ஒரு மின்னஞ்சல். முதல் தலைமுறைப் பட்டதாரி யாரிடம் போய் நிற்பார்?

மனு ஏற்கப்பட்டாலும் இந்தியாவில் பிறந்தவர்களுக்குக் காத்திருப்பு பத்தாண்டைத் தாண்டுகிறது. ஒரு நாட்டுக்குப் பொதுவாக 7 விழுக்காடுதான். அதுவரை எச்1பி விசாவுக்கு ஏதாவதொரு நிறுவனத்தின் கையெழுத்து வேண்டும். இருந்தாலும் சீக்கிரம் போடுங்கள். இந்த மனுவில், போட்ட நாளிலிருந்தே வரிசையில் உங்கள் இடம் கணக்காகிறது. அதை எந்த மேலாளரும் திரும்பப் பெற முடியாது.