போர்டைக் குறை சொல்லுமுன்

கணினித் தையல் மிஷின் நின்றுபோனால் வீட்டில் முதலில் எழும் சொல் "போர்டு போயிடுச்சு" என்பதுதான். பழுதுபார்ப்பவரும் பல நேரம் அதையே சொல்லிவிடுகிறார். புதுப் போர்டின் விலையைக் கேட்டதும் மிஷின் மூலைக்குப் போகிறது. அப்படி ஒதுக்கப்பட்டவை பலவற்றில் போர்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. போர்டு என்னும் மின்னணுச் சுற்றுப் பலகை என்ன வேலை செய்கிறது, எதைச் செய்வதில்லை என்று தெரிந்துகொண்டால் இந்தக் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

மின்னணுச் சுற்றைத் தையல் மிஷினுக்குள் கொண்டுவந்தது சிங்கர் நிறுவனம். 1975இல் வந்த அதீனா 2000 என்ற மாடல் அது. அதுவரை ஊசியை இடமும் வலமும் ஆட்டி டிசைன் போட்டவை கேம் என்னும் வெட்டுத் தட்டுகள். இன்றைய கணினி மிஷின்களில் அந்த வேலையை ஸ்டெப்பர் மோட்டார்கள் செய்கின்றன. ஒன்று ஊசியை ஆட்டும். இன்னொன்று துணி எவ்வளவு நகரவேண்டும் என்பதை அமைக்கும். பெரிய மோட்டாரின் வேகத்தையும் போர்டே கட்டுப்படுத்துகிறது. ஆனால் ஊசி இறங்குவதும், கீழே ஹூக் சுழன்று நூலைப் பிடிப்பதும் இன்னும் தண்டு, பல்சக்கரம், பெல்ட் ஆகியவற்றின் வேலைதான். தையல் விழுவது அங்கே. நூல் அறுந்ததா, ஊசி வளைந்ததா என்பது பெரும்பாலான வீட்டு மிஷின்களின் போர்டுக்குத் தெரியவே தெரியாது.

ஊசி அடிமட்டம் வரை போய், ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் மேலே எழும்போது, அதன் பின்புறம் நூல் சிறு வளையமாகப் புடைக்கும். ஹூக்கின் முனை அந்த நொடியில் வளையத்துக்குள் நுழைய வேண்டும். முனைக்கும் ஊசிக்கும் உள்ள இடைவெளி மெல்லிய காகிதத்தின் பருமன்தான். ஊசி துளி வளைந்திருந்தாலும், மேலே முட்டும்வரை ஏற்றாமல் திருகியிருந்தாலும், தட்டைப் பக்கம் பின்னோக்கி இல்லாவிட்டாலும் ஹூக் வளையத்தைத் தவறவிடும். தையல் விடுவதற்கு முதல் காரணம் இதுதான். பவர் மிஷினுக்கான உருண்டைத் தண்டு ஊசியைக் கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிடுவதும் உண்டு. ஆகவே எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் புது ஊசி போடுங்கள்.

துணிக்கு அடியில் நூல் கூடுகட்டினால் எல்லோரும் பாபினைக் கழற்றுகிறார்கள். தவறு பெரும்பாலும் மேல்நூலில் இருக்கும். அழுத்துகால் இறங்கியிருக்கும்போது டென்ஷன் தட்டுகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கும். அப்போது கோக்கும் நூல் அவற்றுக்கிடையே உட்காராது. இழுவிசை இல்லாத மேல்நூல் தேவைக்கு மேல் கீழே இறங்கிச் சுருண்டுவிடும். அழுத்துகாலைத் தூக்கிவிட்டு, நூலை முழுவதுமாக எடுத்து, மறுபடி கோத்துப் பாருங்கள். மேலிருந்து போடும் பிளாஸ்டிக் பாபின் உள்ள மிஷினில் பழைய கால்மிஷினின் இரும்புப் பாபினைப் போட்டாலும் தையல் கெடும்.

ஊசித்தட்டைக் கழற்றினால் துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியில் பஞ்சுத் தூசி தகடுபோல் இறுகியிருப்பதைக் காணலாம். பிரஷ்ஷால் துடைத்தெடுங்கள், வாயால் ஊதினால் அது இன்னும் உள்ளே போகும். பஞ்சும் நூலும் சிக்கி மோட்டார் திணறும்போது போர்டு மின்சாரத்தை நிறுத்தி எச்சரிக்கை காட்டும். பல பிரதர் மாடல்களில் வரும் E6 என்ற குறி இதைத்தான் சொல்கிறது. போர்டு சரியாக வேலை செய்வதால்தான் அந்தக் குறி வருகிறது. அதைப் பார்த்துப் போர்டைச் சந்தேகிப்பது பெரிய அநியாயம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாகச் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் கோளாறு மின்னணுவில் இல்லை. நேர்தையல் ஒழுங்காக வந்து, ஜிக்ஜாக் மட்டும் வராமல், சுவிட்ச் போட்டதும் கடகடவென்று ஊசித்தண்டு தடுமாறினால், பல ஆண்டு சும்மா கிடந்த மிஷினில் பழைய கிரீஸ் பிசினாகியிருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டெப்பர் மோட்டாருக்கு அந்தப் பிசினை மீறி இழுக்கும் வலு கிடையாது.

எண்ணெய் விஷயத்தில் நம் வீடுகளின் பழக்கம் மாற வேண்டும். கால்மிஷினுக்கு ஓட்டைக்கு ஓட்டை எண்ணெய் விட்டது சரி. கணினி மிஷின்கள் பலவற்றின் தாங்கிகள் எண்ணெய் ஊறிய உலோகத்தால் ஆனவை. கையேடு சொல்லும் இடத்தில் ஒரு சொட்டு போதும், சில மாடல்களுக்கு அதுவும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது.

மின்சாரப் பகுதியைத் தொடவேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொல்வேன். 230 வோல்ட் மின்சாரம் நேர்மின்னோட்டமாக மாறியபின் கெப்பாசிட்டரில் ஏறக்குறைய 325 வோல்ட் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சற்று நேரம் அது அங்கேயே இருக்கக்கூடும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த மிஷின் என்றால் அடியில் உள்ள தகட்டைப் படியுங்கள். 120 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால் மின்மாற்றி இல்லாமல் நம் பிளக்கில் செருகக்கூடாது. அப்படிச் செருகினால் போர்டு உண்மையிலேயே போய்விடும். ஹூக்கின் திருகுகளையும் தளர்த்தாதீர்கள். அந்தக் காகிதப் பருமனை மறுபடி அமைக்க பழகிய கை வேண்டும்.

இதற்குமேல் போக வழியில்லாமல் வைத்திருப்பது பல நிறுவனங்கள்தான். சர்வீஸ் கையேடு அவர்களுடைய மையங்களுக்கு மட்டுமே போகிறது. ஒரு பெல்ட்டைத் தனியாகக் கேட்டால் கிடைப்பதில்லை. மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. அந்த உரிமை நடைமுறைக்கு வர, தையல் மிஷின் தயாரிப்பவர்களும் கையேட்டையும் உதிரிபாக விலையையும் பொதுவில் வைக்கவேண்டும். தையல் மிஷினை நம்பிப் பிழைக்கும் பெண்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள். மிஷின் நிற்கும் ஒவ்வொரு நாளும் அவர்களுக்குக் கூலி இல்லாத நாள்.

அதுவரை, கடைக்குத் தூக்கிப்போகும்போது எந்தத் தையலில், எந்த ஊசியில், என்ன குறி வந்தது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். போர்டு மாற்றவேண்டும் என்றால், எந்த இடத்தில் எத்தனை வோல்ட் வரவில்லை என்று கேளுங்கள். அளந்து பார்த்தவரால் அதைச் சொல்லமுடியும். மாற்றிய பிறகு பழைய போர்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.